ராஜபாளையம் நாய் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சரிப்படுமா?

கேட்டிருப்பவர் வீட்டில் 3 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். வீட்டுக்காரர் ராஜபாளையம் குட்டி வாங்கியே தீருவேன் என்கிறாராம். ஆளைக் கடிக்கிற நாய் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், உண்மையா என்று கேட்கிறார்.

கடிக்கும். என் மகளையே கடித்திருக்கிறது. வலது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே, தழும்பு இன்னும் இருக்கிறது. உடனே "அப்போ வேண்டாம்" என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். வாங்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் எந்த மாதிரி வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். வெள்ளை நாய் ஒன்று மெதுவாகத் திரும்பிப் பார்க்கும், பின்னால் உறுமி மேளம் அடிக்கும், மீசைக்காரர் ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டிலும் 2020-இல் அதேதான். அந்த ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் நாட்டு நாய்களை வளருங்கள் என்று சொல்லி, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர்களை அடுக்கினார். ஊரடங்கில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு அது போதுமாக இருந்தது. அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். 12,000 ரூபாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்தது சேத்தூர், ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர். எங்கள் அப்பா தோப்புக் காவலுக்கு இந்த நாயைத்தான் வைத்திருந்தார். நான் தவழ்ந்த காலத்தில் அதன் தட்டிலிருந்து சோற்றை எடுத்துத் தின்றேன், அது சும்மா பார்த்துக்கொண்டு நின்றது என்று அம்மா இன்னமும் சொல்வாள். ஆகவே இந்த நாயைப் பற்றிப் பாடம் எடுக்க யாரும் வரவேண்டாம்.

அதற்குக் கெட்ட பேர் சும்மா வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாளையக்காரர்கள் காலத்திலிருந்து காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் என்றே பெருக்கி வந்த நாய் இது. வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போய்விட்டது, காவல் புத்தி போகவில்லை. இரண்டடிக்கு மேல் உயரம், ஒல்லியான வயிறு, ஓடினால் பிடிக்க முடியாது. புது ஆளிடம் ஒட்டாது. வந்தவனைப் பார்த்து வாலாட்டினால் அது ராஜபாளையமே இல்லை என்பார் அப்பா. அப்படி ஒரு நாயை அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அடைத்துவைத்தால், லிப்ட் திறக்கும்போதெல்லாம் அது தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். நீங்கள் பிளாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பிளாட் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், வாங்காதீர்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

அப்போது மதுரையில் வாடகை வீடு, தரைத்தளம், சுற்றி மதில், பின்னால் துவைக்கிற கல்லும் ஒரு முருங்கையும். வீட்டுக்காரர் குட்டிக்கு வீரா என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் அதன் நிறத்தைப் பார்த்து இட்லி என்றார்கள். ராஜபாளையம் நாயைப் போய் இட்லி என்று கூப்பிடுவதா என்று அவருக்கு மானம் போயிற்று. இரண்டு மாதம் இதே சண்டை. ஆனால் வீரா என்றாலும் சரி, இட்லி என்றாலும் சரி, அவன் திரும்பியே பார்க்கவில்லை. எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. "ராஜபாளையம் அப்படித்தான், திமிர் பிடித்தது, ஒருத்தனுக்குத்தான் அடங்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நவம்பர் 14 தீபாவளி. தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டு கிடந்ததாம். எங்கள் இட்லி திண்ணையில் நான்கு காலையும் நீட்டித் தூங்கினான். பத்தடி தள்ளிச் சரவெடி வெடிக்கிறது, காதுகூட ஆடவில்லை. என் வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, "இதுதான்டா ராஜபாளையம்" என்று எழுதினார். என் கொழுந்தன்கூட அவன் நண்பர்களுக்கு அனுப்பினான். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது, பார்க்கத்தான் முடிவதில்லை.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம். நான் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இட்லி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து நிழலில் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு வயது மகள் பின்னாலிருந்து ஓடிப்போய் "இட்லீ" என்று கத்திக்கொண்டே அவன்மேல் விழுந்தாள். ஒரு சத்தம். அவன் குரைக்கக்கூட இல்லை. திரும்பினான், பல் பட்டது, அவ்வளவுதான். கடித்ததும் அவன் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி, வாலைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூத்திரம் போய்விட்டான். அவளை வாரி எடுக்கும்போது அவன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். பெற்ற பிள்ளை ரத்தத்தோடு அலறும்போது நாயின் மூஞ்சியைப் பார்த்தாளாம் இவள் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் தொட விடவில்லை. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். நாய் வளர்க்கிறீர்களோ இல்லையோ, இதை மட்டும் மறக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எல்லாம் பார்த்தார்கள். தழும்பு விழுமே, தையல் போடுங்கள் என்று நான் அழுதேன். நாய்க்கடியை உடனே தைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, காயத்தைச் சுற்றியே ஒரு மருந்தை ஏற்றினார்கள். பிறகு 3, 7, 28-ஆம் நாள் தடுப்பூசி. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்று அட்டையைக் காட்டினாலும், நாயைப் பத்து நாள் கண்காணியுங்கள் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு நாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கொன்றுவிடச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் அத்தை அனுப்பினார்கள், மறைப்பானேன். அவர் நாயைத் தொடக்கூட இல்லை. அதன் பின்னால் போய் நின்று கை தட்டினார். சாவிக்கொத்தை ஆட்டினார். ஒரு எவர்சில்வர் ட்ரேயைத் தரையில் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, இட்லி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் அவர் மரப்பெஞ்சின் ஓரத்தைக் காலால் ஓங்கி உதைத்தார். பெஞ்சுமேல் நின்றவன் உடனே திரும்பினான்.

"பிறவிச் செவிடும்மா. ரெண்டு காதும்."

வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு என்று நாம் அழகு பார்க்கிறோமே, அதில்தான் வினை இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகை அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டுமாம். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே காது செத்துப்போகும். டால்மேஷன் நாய்க்கும் இதே குறை உண்டு. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்த்துக் குட்டி எடுத்தால் இன்னும் மோசம். இதெல்லாம் மருத்துவர் சொன்னது.

எனக்கு உறைத்தது வேறு. குட்டிகள் பால் மறக்கும் முன்னால் அப்பா ஒவ்வொன்றின் பின்னாலும் பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டிப் பார்ப்பார். சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அது ஏதோ சாமி காரியம் என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்து வளர்ந்தவள், ஆறு மாதம் ஒரு செவிட்டு நாயைத் திமிர் பிடித்த நாய் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கூப்பிட்டால் ஒரு லாப்ரடார் வரவில்லை என்றால் என்னமோ ஏதோ என்று மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்போம். ராஜபாளையம் வரவில்லை என்றதும் பெருமைப்பட்டோம்.

விற்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? வீட்டுக்காரர் போன் பண்ணினார். "சத்தத்துக்குப் பயப்படாத குட்டின்னு சொல்லித்தானே கொடுத்தேன்" என்றார் அந்த மனிதர். அதற்கு மேல் என்ன பேச?

அப்புறம் வீட்டில் சட்டம் போட்டோம். தூங்குகிற நாயைத் தொடக்கூடாது. கிட்டே போகுமுன் தரையில் காலை ஓங்கி மிதிக்க வேண்டும், அவன் திரும்பிப் பார்த்த பிறகுதான் போகலாம். இருட்டில் டார்ச்சை அணைத்து ஏற்ற வேண்டும். கையைக் கீழே காட்டினால் உட்கார், நெஞ்சைத் தொட்டால் வா. ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான், என் மகனைவிடச் சீக்கிரம். மகள்தான் முதலில் போய் நின்று காலை மிதித்தவள். நான் இரண்டடி தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வீட்டு ஓனர் விடவில்லை. "ராஜபாளையம்னாலே ஆள்கடி, இன்னைக்கு உங்க பிள்ளை, நாளைக்கு என் பேரன்" என்றார். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போவது முன்பணத்தை. 2017-இல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் உண்டு என்று ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறது. எங்களிடம் வாங்கியது பத்து மாதம், 90,000. காலி பண்ணும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, அது ஊர் வழக்கம் என்றார், சரி. நாய் பிறாண்டிய பின்கதவுக்கு 8,000! அந்தக் கதவை நாங்கள் குடிவரும்போதே கரையான் பாதி தின்றிருந்தது. விரலால் குத்தினால் பொடி கொட்டும். நாயின் நகத்துக்கும் கரையானுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? நாலு வருஷம் மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்தவர்கள் நாங்கள். தண்ணீர் மோட்டார் இரண்டு தடவை எரிந்தபோது எங்கள் காசில் காயில் கட்டினோம், அதற்குக் கணக்கில் ஒரு வரி இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். இருந்தாலும் நீங்களும் வாடகை வீடு என்றால், குட்டி வாங்குமுன் ஓனரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கதவை எல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள்.

நாய் என்றதும் வேறு வீடும் கிடைக்கவில்லை. தரகர் "பொமரேனியன்னா பேசிப் பார்க்கலாம்" என்றார். கடைசியில் இட்லியைச் சேத்தூரில் அண்ணன் தோப்புக்கு அனுப்பினோம். "கஷ்டம் வந்ததும் நாயைத் தள்ளிவிட்டவள்" என்று நாய்ப்பிரியர்கள் கீழே எழுதுவார்கள். "கடித்த பிறகும் ரெண்டு மாதம் வைத்திருந்தாயே, நீ ஒரு தாயா" என்று இன்னொரு கூட்டம் எழுதும். இரண்டு கூட்டமும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ராஜபாளையத்துக்காரர்கள் யாரும் வருத்தப்படவேண்டாம், உங்கள் ஊர் நாய் 2005-இல் தபால்தலையில் வந்தபோது அந்தத் தலையை வாங்கிப் பெட்டியில் வைத்தவள் நான்.

மதில், கேட், ஓட இடம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போக வீட்டுக்காரருக்கு நேரம், இவ்வளவும் இருந்தால் வாங்கலாம். தாயையும் தகப்பனையும் பார்க்காமல் குட்டியைத் தொடாதீர்கள். உங்கள் கையால் ஒரு தட்டையும் கரண்டியையும் கொண்டுபோங்கள், குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னால் தட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றாகத் தனியே பிரித்து. கூட்டமாக இருந்தால் ஒன்று திரும்புவதைப் பார்த்து மற்றதும் திரும்பும், ஏமாந்துவிடுவீர்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பித்துவிடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையையும் நாயையும் தனியாக விடவே கூடாது, அது ராஜபாளையமாக இருந்தாலும் பொமரேனியனாக இருந்தாலும். நான் வடாம் காயப்போட்ட அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்கிறேன்.

போன பொங்கலுக்குத் தோப்புக்குப் போயிருந்தோம். நாங்கள் போகும்போது இட்லி பம்ப்செட் ரூம் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். காரிலிருந்து இறங்கிய மகள் தென்னைகளுக்கு நடுவே ஓடினாள், பத்தடி இருக்கும்போது நின்றாள், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் இரண்டு தடவை மிதித்தாள். மண் ஈரமாக இருந்தது, அவன் எழவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய், பம்ப்செட் சிமென்ட் மேடையில் ஏறி மறுபடி மிதித்தாள்.