யாரும் ரத்துச் செய்யாத உத்தரவு

கேள்வி: ‘வால்-ஈ’ என்ற அனிமேசன் படத்தை மகளோடு இருந்து பார்த்தேன். எதிர்காலத்தில் ரோபோக்கள்தான் மனிதரை ஆளப்போகின்றனவா? அல்லது இதெல்லாம் சிறுபிள்ளைகளுக்குக் காட்டுகிற குப்பையா?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அது குப்பையைப் பற்றிய படம். அதனால் குப்பையிலிருந்தே தொடங்குகிறேன். ரோபோ பிறகு வரட்டும்.

படம் தொடங்கும்போது தூரத்தில் ஒரு நகரம் தெரிகிறது. மாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் அவற்றைவிட உயரமான கோபுரங்கள். கிட்டப் போனால் அத்தனையும் கட்டி கட்டியாக அமுக்கி அடுக்கிய குப்பை. மனிதர் கப்பலேறி விண்வெளிக்குப் போய் எழுநூறு வருடமாகிறது. துப்புரவு செய்ய விட்டுப்போன மெசின்களில் ஓடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று, அதுதான் வால்-ஈ. விடிந்ததும் வெயிலில் நின்று மின்னேற்றிக்கொள்ளும். பிறகு குப்பையை அள்ளி வயிற்றுக்குள் போட்டு அமுக்கும், அடுக்கும். பொழுதுபட்டால் தன் இருப்பிடத்துக்குத் திரும்பும். கூட்டாளி என்று ஒரு கரப்பான் பூச்சி. வேலையை நிறுத்தச் சொல்ல யாருமில்லை.

இயக்குநர் அன்ட்ரூ ஸ்டான்டனும் பிக்சார் அனிமேசன் நிறுவனத்து நண்பர்களும் 1994இல் ஒரு மதியச் சாப்பாட்டின்போது பேசிக்கொண்ட யோசனை இது. எல்லாரும் பூமியை விட்டுப் போகும்போது, கடைசி ரோபோவை நிறுத்த யாரோ மறந்துபோனால் என்னாகும்? அந்தக் கேள்வி 2008இல் படமாகி, அடுத்த வருடம் சிறந்த அனிமேசன் படத்துக்கான ஒஸ்காரையும் வாங்கியது.

நீங்கள் ஆளுகிறதைப் பற்றிக் கேட்டீர்கள். படத்தில் அப்படிச் சந்தேகிக்க ஒரேயொரு ரோபோதான் உண்டு: மனிதர் வாழும் கப்பலின் சுக்கானாக இருக்கிற ‘ஓட்டோ’. பூமியில் ஒரு செடி முளைத்துவிட்டது, திரும்பிப் போகலாம் என்று கப்டன் சொல்லும்போது அது மறிக்கிறது. அதற்கு அதிகார ஆசை இல்லை, மனிதர் மேல் கோபமும் இல்லை. துப்புரவு வேலை தோற்றுவிட்டது, இனிப் பூமிக்குத் திரும்ப வேண்டாம் என்று கப்பலை அனுப்பிய கம்பனியின் தலைவர் அனுப்பிய இரகசிய உத்தரவு ஒன்று அதனிடம் இருக்கிறது. உத்தரவு போட்டவர் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர் கண்ட பூமியும் இப்போது இல்லை, அங்கே பச்சை வந்துவிட்டது. ஆனாலும் உத்தரவு அப்படியே கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்க, ரத்துச் செய்ய ஒருவருமில்லை. அந்தக் கப்பலை ஆண்டது ரோபோ இல்லை. ஒரு மனிதர் போட்டு, மற்ற மனிதர் மறந்த உத்தரவுதான் ஆண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசியில் கப்டன் கதிரையை விட்டு எழுந்து, தன் காலில் நின்று, ஓட்டோவின் மேல் இருக்கிற சுவிட்சைத் தட்டி அதை நிறுத்துகிறார். அந்தச் சுவிட்ச் நேற்றுப் பூட்டியதல்ல. எட்டுகிற இடத்திலேயேதான் இருந்தது.

இதைப் பார்த்தபோது எனக்குப் பள்ளக்காடுதான் நினைவுக்கு வந்தது.

அம்பாறை மாவட்டத்துக்காரருக்குப் பள்ளக்காட்டை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல், அதாவது இந்தப் படம் வந்த அதே வருடத்தில், தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போய்ச் சேர்கிறது. காட்டு ஓரம், யானை நடமாடுகிற இடம். மீள்சுழற்சி செய்வதுதான் நோக்கம், ஆனால் குப்பை வந்து குவிந்ததே தவிர மீள்சுழற்சி நடக்கவில்லை. சுற்றி ஒரு மின்வேலி இருந்தது. 2014இல் அதில் மின்னல் விழுந்தது. வேலியைத் திருத்தவில்லை. யானைகள் உள்ளே வந்தன.

2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதியபோது, அதற்கு முந்திய எட்டு வருடத்தில் ஏறக்குறைய இருபது யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று செத்திருந்தன. செத்த யானைகளை வெட்டிப் பரிசோதித்தவர்கள் வயிற்றில் கண்டது பொலித்தீன், சாப்பாட்டுப் பொருள் சுற்றிய உறைகள், பிளாஸ்டிக், தண்ணீர். யானை வழக்கமாகத் தின்னும் இலை, கொப்பு, புல் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்கிற பிராணியின் வயிற்றில் புல் இல்லை என்றால் அதன் கடைசி நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என்னால் அந்தப் படங்களை முழுதாகப் பார்க்க முடியவில்லை.

காட்டு ஓரக் குப்பைமேடுகளில் மீள்சுழற்சி செய்வோம், வேலி போடுவோம் என்று அரசாங்கம் 2017இலேயே சொல்லியிருந்தது. இரண்டும் முழுதாக நடக்கவில்லை. நாடு முழுக்க வனவிலங்குப் பகுதிகளில் 54 குப்பைமேடுகள், அவற்றைச் சுற்றித் திரியும் யானைகள் முந்நூறு அளவில் என்று 2022இல் கணக்குச் சொன்னார்கள். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் இருந்த மொத்த யானைகளே ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

இங்கே எந்த ரோபோ ஆண்டது? குப்பையை இன்ன இடத்தில் கொட்டு என்று ஒருநாள் யாரோ முடிவெடுத்தார்கள். லொறி போகிறது, கொட்டுகிறது, திரும்புகிறது. வேலி விழுந்த பிறகும் போகிறது. யானை செத்த மறுநாளும் போகிறது. லொறிச் சாரதி மேல் பிழை சொல்லமாட்டேன். அவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். அந்த முடிவை மறுபடி மேசைக்கு எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

சோற்றுப் பார்சலுக்குள் விரிக்கிற லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எத்தனை தரம் எழுதினாலும் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். இன்னும் எழுதுவேன். 2017 செப்டெம்பர் முதலாம் திகதி இந்த நாட்டில் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது. கடையில் சோற்றுப் பார்சல் வாங்கிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சோறு போட்ட ஊர்கள் நம்முடையவை. குளத்தில் இலை இன்னும் கிடக்கிறது, பறிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இலைக்குப் பறிகூலி கொடுத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். லஞ்ச் சீட் மலிவு என்று சொல்கிறவர்கள், அது பள்ளக்காட்டுக்குப் போன பிறகு ஆகிற செலவை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்று சொல்லட்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகிடி ஒன்று. குப்பைக்குள் வால்-ஈ ஒரு சின்னப் பெட்டியைக் கண்டெடுக்கும். திறந்தால் வைர மோதிரம். மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பெட்டி திறக்கிறது, மூடுகிறது, மோதிரம் என்ன செய்கிறது? பிறகு கரண்டியும் முள்ளும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு சாமானை எடுக்கும். கரண்டிகளோடு வைப்பதா, முள்ளுகளோடு வைப்பதா என்று யோசித்துக் கடைசியில் இரண்டுக்கும் நடுவில் வைக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இந்த இடத்தில் உருண்டு சிரித்தார்கள். அந்த ரோபோ ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்க்கிறது. எறிகிறதையும் வைக்கிறதையும் பார்த்தே செய்கிறது. நாம் சொப்பின் பேக்கைப் பார்ப்பதே இல்லை.

முதல் அரை மணித்தியாலத்தில் பேச்சு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. ஸ்டான்டன் குழுவினர் சாப்ளின், பஸ்டர் கீட்டன் ஆகியோரின் ஊமைப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். வால்-ஈயின் குரலையும் சத்தங்களையும் உருவாக்கியவர் பென் பர்ட். அதனால் வாகரையிலோ பொத்துவிலிலோ எந்தப் பள்ளிக்கூட மண்டபத்திலும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி இதைப் போடலாம், மொழி தடையாகாது. தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை மூவரையும் ஒரே பாயில் இருத்திப் போடலாம். பிள்ளைகளுக்கான படம் என்றால் தரம் குறைந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு நீண்ட நாள் சண்டை. இந்தக் கேள்வியோடு அது இன்னும் நீளும்.

கதிரையில் மிதந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் கொழுத்த மனிதரைக் கண்டு நீங்கள் பயந்திருக்கலாம். மெசின் வந்தால் மனிதர் சோம்பேறியாவார் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நமது வட்டைகளில் நெல் வெட்டும் மெசின் இறங்கி எத்தனையோ போகம் ஆகிவிட்டது. தாக்கத்தியோடு குனிந்து நாள் முழுக்க வேளாண்மை வெட்டியவர்களிடம் போய், நீங்கள் சோம்பேறியாகிவிட்டீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். முதுகு நோவு போனதில் அவர்களுக்கு ஆறுதல்தான். அவர்கள் இழந்தது கூலி. வெட்டுக்குப் போய்ப் பெண்கள் கொண்டுவந்த நெல் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. மெசின் மிச்சம் பிடித்த காசு யாருக்குப் போக வேண்டும் என்று எந்த விவசாயிகள் கூட்டத்திலும் பேசி முடிவெடுக்கவில்லை, அது தானாக நடந்துவிட்டது. இனி வரப்போகிற ரோபோவிடம் நாம் பயப்பட வேண்டியதும் இதுதான்: அது வருகிற நாளில் நம்மிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள், நாமும் கேட்கமாட்டோம். கேட்கிற பழக்கம் உள்ள ஊரில் ரோபோ வந்தால் வரட்டும். குப்பை பிரிக்கிற ஆபத்தான வேலைக்கு அது நல்லது. வெறுங்கையால் கண்ணாடித் துண்டும் ஊசியும் பொறுக்குகிற தொழிலாளிக்கு முதலில் ஒரு சோடிக் கையுறையும் பிறகு ஒரு மெசினும் கொடுங்கள் என்று சபைகளிடம் கேட்பேன்.

கடைசியாக ஒன்று. கதை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்லாரும் எழும்பிவிடுகிறார்கள். நீங்களும் எழும்பியிருந்தால் மகளோடு அந்தப் பகுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். குகைச் சுவர் ஓவியத்தில் தொடங்கி, எகிப்தியச் சித்திரம், மொசைக் என்று ஓவியத்தின் வரலாறு முழுவதும் வரிசையாக வருகிறது. அந்தச் சித்திரங்களுக்குள்ளே பூமிக்குத் திரும்பிய மனிதர் கிணறு தோண்டுகிறார்கள், பயிர் செய்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள். பக்கத்தில் ரோபோக்களும் அதே வேலையில் நிற்கின்றன. அங்கே யார் யாரை ஆளுகிறார்கள் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.