தொட்டி அடியில் சேரும் பச்சைப் படிவு: சிப்பி தின்கிறதா, துப்புகிறதா?

குளோரெல்லாப் பாசியைத் தாராளமாக ஊற்றுகிறீர்கள், தண்ணீரும் தெளிகிறது, ஆனாலும் சிப்பிகள் மெலிகின்றன, அடியில் பஞ்சுபோல் பச்சைப் படிவு சேர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் தெளிவதை வைத்துச் சிப்பி தின்றுவிட்டதாக முடிவு செய்ய வேண்டாம். வடிகட்டுவது வேறு, விழுங்குவது வேறு.

செவுளில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் அடித்துக்கொண்டே இருப்பதால் நீர் உள்ளே வருகிறது. சிக்கும் துகள்கள் சளியோடு சேர்ந்து, செவுளின் விளிம்பிலும் அடியிலும் ஓடும் பள்ளங்கள் வழியே வாயருகே உள்ள உதட்டு மடல்களுக்குப் போகின்றன. வழியிலேயே தரம் பிரித்தல் நடக்கிறது. வேண்டாததும் அளவுக்கு மிஞ்சியதும் சளி உருண்டையாகி, சிப்பி தன் இரு ஓடுகளையும் படக்கென்று மூடும்போது நீர் நுழையும் பக்கமாகவே வெளியே வரும். இதுதான் போலிமலம்; தளர்வாக, பாசி நிறத்திலேயே இருக்கும். உண்மையான மலம் நீர் வெளியேறும் பக்கம் இறுகிய நாடாவாக வரும். அரை மணி நேரம் உட்கார்ந்து எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

போலிமலம்தான் என்றால், மொத்தமாக ஊற்றுவதை நிறுத்திச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மில்லிலிட்டருக்கு சுமார் 50,000 செல்களில் தொடங்கலாம். படிவைத் தினமும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்; கலங்கினால் சிப்பி அதையே மறுபடி வடிகட்டி வீணாகக் களைக்கும்.

பாசியையும் மாற்றுங்கள். 5–6 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களைச் சிப்பி நன்றாகப் பிடிக்கும். 2 மைக்ரான் அளவில் நிறைய நழுவிவிடும். குளோரெல்லா சிறியது, அதன் தடித்த செல்சுவரால் விழுங்கினாலும் சரியாகச் செரிக்காது. ஐசோகிரைசிஸ், கீட்டோசெரஸ் என்ற நுண்பாசிகள் இரண்டையும் கலந்து கொடுங்கள்.