வாசகர் கேள்வி பதில்: பொக்கு மல்லாட்டையும் கசப்புப் பருப்பும்

கேள்வி: மானாவாரியில் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டோம். செடி தளதளவென்று வந்தது, பிடுங்கிப் பார்த்தால் பாதிக்குப் பாதி பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. யூரியா பற்றவில்லையா?
(வாசகர், செஞ்சி)

பதில்: யூரியாவை விட்டுவிடுங்கள். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, அதற்கு மேல் கொட்டினால் இலைதான் கொழுக்கும். உங்கள் நிலத்தில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மல்லாட்டையின் பூ வெளியே பூக்கிறது, கருவுற்றதும் அதிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காயாகிறது, அப்படி உள்ளே போன காய் தனக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதியை வேரிடம் எதிர்பார்க்காமல் தன் ஓட்டு வழியாக, சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்த மண்ணில் கால்சியம் இல்லையென்றால் செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் ஓடு மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் கால்சியம் உள்ள ஜிப்சம் போடச் சொல்கிறோம். ஏக்கருக்கு 160 கிலோ. இறவை (பாசனப் பயிர்) என்றால் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் செடியோரம் போட்டு, கொத்தி, மண் அணைத்துவிடுங்கள். மானாவாரியில் ஈரம் பார்த்து, கொஞ்ச நாள் தள்ளியும் போடலாம், ஆனால் விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறவே கூடாது. காய் பிடிக்கும் நேரத்தில் மழை ஏமாற்றினாலும் பொக்கு விழும் என்பதால், காரணம் எதுவென்று தெரிய, அடுத்த போகத்துக்கு முன் ஒருமுறை மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: வேர்க்கடலை சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் ஏறுமா?
(வாசகி, ஆரணி)

பதில்: கடலையில் கொலஸ்ட்ராலே கிடையாது. 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு இருப்பது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பங்கு இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை. புரதமும் 25 கிராம் இருக்கிறது, இந்த விலைக்கு இவ்வளவு புரதம் வேறு எதில் கிடைக்கும்! தினம் ஒரு கைப்பிடி, அவித்தோ வறுத்தோ, தாராளமாகச் சாப்பிடுங்கள். உப்பும் எண்ணெயும் போட்ட பாக்கெட் கடலையைக் குறையுங்கள். கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் தொடவே கூடாது.

கேள்வி: வேர்க்கடலையில் சில பருப்பு கசக்கிறதே, வறுத்தால் சரியாகிவிடுமா?
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: ஆகாது, துப்பிவிடுங்கள். சுருங்கி, நிறம் மாறி, பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும், வறுக்கும் சூட்டில் முழுதாக அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததும், தீவனத்தில் கலந்த பூசணக் கடலைப் பிண்ணாக்கால்தான். அப்போதுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். எண்ணெய் ஆட்டப் போகிறவர்களும் பூசணப் பருப்பைப் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும், அந்தப் பருப்பை ஆடு மாட்டுக்கும் வைக்காதீர்கள். அறுவடையானதும் காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போடும்வரை காயவையுங்கள், அதற்கு முன் மூட்டை கட்டாதீர்கள்.