பெருந்தொற்று வந்தால் தொழிலாளர் புலம்பெயர்வும் வளர்ச்சியும் ஏன் சேர்ந்தே அடிபடுகின்றன?

தொழிலாளர் புலம்பெயர்வு என்பது பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போய் உழைப்பது. வேலை தரும் நாடும் தொழிலாளியின் சொந்த ஊரும் ஒரே மதகை நம்பிய இரண்டு வயல் மாதிரி. அந்த மதகு இவர்களின் உழைப்பு: அது அடைபட்டால் இங்கே தோட்டமும் காயும், அங்கே குடும்பமும் காயும்.

அடைப்பது நோய் மட்டுமல்ல, பெர்மிட்டும் தங்குமிடமும்தான். மலேசியாவில் வேலை பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. கடை மூடினால் வேறு வேலைக்கு எளிதில் தாவ முடியாது. 2020 ஏப்ரலில் கோவிட் பரவியதால், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்த அடுக்குமாடிகளான சிலாங்கூர் மேன்ஷனையும் மலாயன் மேன்ஷனையும் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். பல பேர் நெருக்கிப் படுக்கும் அறையில் தனிமைப்படுத்தல் எப்படி நடக்கும்?

வளர்ச்சிக்கு வரும் சேதத்தைச் செம்பனையில் (பாமாயில் தரும் மரம்) கண்ணாலேயே பார்க்கலாம். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து குலை வெட்ட வேண்டும். வெளிநாட்டு ஆள் எடுப்பது நின்றதும் சுற்று தள்ளிப்போனது. பழம் கனிந்து உதிரும், எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும்.

ஊருக்குப் போகும் பணம் அப்படியே வற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல: வளரும் நாடுகளுக்கு வரும் பணம் 2020-இல் சுமார் 20 விழுக்காடு சரியும் என்று உலக வங்கி கணித்தது, சரிந்ததோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு, கையில் கொடுத்தனுப்பிய பணம் வங்கி வழிக்கு மாறியதும் அதற்கு ஒரு காரணம்.