பெரியம்மாவின் காரியத்துக்குப் போன தம்பியின் பரோல் ரத்தாகுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். என் தம்பி பரோலில் வந்து எட்டு மாதம் ஆகிறது. தண்டனை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. சென்ற சனிக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அனுமதி வாங்காமல் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டான். அன்றிரவு கண்காணிப்பு அதிகாரி வந்து, அவன் வீட்டில் இல்லை என்று குறித்துக்கொண்டு போனார். இப்போது பயந்துபோய், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் மாமா வீட்டில் சில நாள் இருக்கப் போவதாகச் சொல்கிறான். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. சனிக்கிழமை நடந்தது நிபந்தனை மீறல். அதற்கு விளக்கம் சொல்ல முடியும். கண்காணிப்பிலிருந்து தப்பித் தலைமறைவானாலோ அதுவே தனிக் குற்றம். 1998ஆம் ஆண்டின் 111ஆம் எண் சிறைத் திருத்தச் சேவைச் சட்டம், 117ஆம் பிரிவில் அதற்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் மீதமிருப்பவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று பாருங்கள்.

மீறலுக்கு என்ன நடக்கும் என்பதை 70ஆம் பிரிவு சொல்கிறது. எல்லா மீறலுக்கும் ஒரே தண்டனை கிடையாது. மீறலின் கனத்தைப் பொறுத்து அதிகாரிகள் எச்சரித்து விடலாம். பரோல் வாரியத்தின் முன் வரச் சொல்லலாம். கைது ஆணையும் பிறப்பிக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் அதை ஏற்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஒருமுறை, அதுவும் துக்க காரியத்துக்காகப் போனவரையும், குடித்துவிட்டுத் திரிபவரையும், பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய் நிற்பவரையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். ஆனாலும் உங்கள் தம்பியின் மீறல் இரண்டாக இருக்கக்கூடும். வீட்டுக்காவல் நேரத்தில் வெளியே இருந்தது ஒன்று. குறிப்பிட்ட மாஜிஸ்திரேட் மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தால், அது இன்னொன்று. விடுதலையின்போது அவர் கையெழுத்திட்ட தாளை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

பரோலை ரத்து செய்யும்படி அதிகாரிகள் கேட்டால், வாரியம் 14 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அந்த முடிவு வரும் முன்பே அவரைத் தற்காலிகமாக உள்ளே அனுப்பிவிட முடியும். இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ரத்தாகிவிட்டால் மீதித் தண்டனையை அவர் சிறையில் கழிக்க வேண்டியிருக்கும். வாரியம் இரண்டு ஆண்டுகளுக்குள் அதை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். உங்கள் தம்பிக்கு மீதமிருப்பதே இரண்டு ஆண்டுகள் என்பதால் அந்த மறுபரிசீலனையை நம்பியிருக்க முடியாது. இப்போதே பேசித் தீர்ப்பதுதான் வழி.

நம் வீடுகளில் வெட்கத்தால் ஒரு பழக்கம் இருக்கிறது. அதிகாரி வந்தால் 'குளித்துக்கொண்டிருந்தான்', 'மருந்து வாங்கப் போனான்' என்று அம்மாவோ அக்காவோ சமாளித்துவிடுவார்கள். அன்பினால் சொல்லும் அந்தப் பொய், பிறகு சொல்லும் உண்மையையும் நம்ப முடியாமல் செய்துவிடுகிறது. அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் நீங்களே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

கண்காணிப்பு அதிகாரியின் அலுவலகம் திறந்ததும் தம்பியோடு நீங்களும் போங்கள். பெரியம்மாவின் இறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். காரியத்தில் தம்பியைப் பார்த்த உறவினர் ஒருவரின் சத்தியக் கடிதமும் வேண்டும்; போலீஸ் நிலையத்திலேயே கட்டணமில்லாமல் உறுதிமொழி எடுத்து அதில் கையெழுத்திடலாம். எந்த நேரம் புறப்பட்டார், யார் வீட்டில் தங்கினார், எப்போது திரும்பினார் என்று தம்பியே தன் கையால் எழுதித் தரட்டும். வாரியத்தின் முன் வரச் சொன்னால் அன்றே லீகல் எய்ட் (சட்ட உதவி) அலுவலகத்தில் வழக்கறிஞர் கேளுங்கள். இனி வரும் திதி, திருமணம், காவடி எதுவானாலும் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, அந்தத் தாள் கையில் வந்த பிறகு அவர் வாசற்படி தாண்டட்டும்.