ரூ பேர்சன் எண்டால் ரெண்டு பேர்தான், தங்கச்சி

தங்கச்சி, பிஎஸ்டபிள்யூ (ஆக்களைப் பராமரிக்கிற உதவியாளர்) படிப்பு முடிச்சு கனடா ஸ்காபரோவிலை ஒரு லோங் ரேர்ம் கெயார் ஹோமிலை (வயசான, ஏலாத ஆக்களைப் பராமரிக்கிற இல்லம்) அடுத்த கிழமை தொடங்கப்போறன், பிளேஸ்மென்றிலை நேர்ஸ் காலமை றிப்போர்ட் சொல்லேக்கை பாதி பிடிபடேல்லை, என்னென்ன சொல்லுப் பாடமாக்கவேணும் எண்டு கேட்டிருந்தீங்கள். சம்பளம், ஏஜென்சி வேலை, கார் இன்சூரன்ஸும் கேட்டிருக்கிறீங்கள். அதுக்குப் பதில் சொல்ல எங்கடை சனத்திலை ஆளில்லாத வீடே இல்லை. எந்தக் கலியாண வீட்டிலையும் கேளுங்கோ, கறி முடியமுன்னம் சொல்லித் தந்துடுவினம். நான் சொல்லுக்கு வாறன்.

றிப்போர்ட் இப்படித்தான் போகும்: "214, ரூ பேர்சன் ஹோயர், மின்ஸ்ட் அன்ட் மொய்ஸ்ற், மைல்ட்லி திக், டே த்ரீ நோ பிஎம், றைற் ஹீல் றெட்." ஒரே மூச்சு. 214 எண்டது அறை நம்பர், அதிலை இருக்கிற மனுசியைப் பற்றித்தான் கதை. இதிலை இருக்கிற ஒவ்வொண்டும் உங்கடை கைக்குத் தாற கட்டளை. ஒண்டு பிழைச்சாலும் படுறது அந்த மனுசிதான்.

ரூ பேர்சன் ஹோயர். ஹோயர் எண்டது ஒரு பழைய கொம்பனிப் பேர், இப்ப எந்தத் தூக்குற மெஷினுக்கும் அதுதான் பேர். ஆளைத் துணி ஸ்லிங்கிலை வைச்சு முழுசாய்த் தூக்குறது. ரூ பேர்சன் எண்டால் தொடக்கத்திலை இருந்து முடிவுமட்டும் ரெண்டு பேர். ஒராள் றிமோட், மற்றாள் றெசிடென்ற்றின்ரை, அதாவது அங்கை இருக்கிற ஆளின்ரை, உடம்பும் தலையும். பக்கத்து அறையிலை ஆள் நிக்கிறா, கூப்பிட்டால் வருவா எண்டது ரூ பேர்சன் இல்லை.

ஸ்லிங்கிலை கலர் கலராய் வளையம் இருக்கும். தோள் ரெண்டுக்கும் ஒரே கலர், கால் ரெண்டுக்கும் ஒரே கலர். ஒரு பக்கம் மாறினால் ஆள் சரிஞ்சு போகும். ஸ்லிங்கின்ரை சைஸ் அந்த ஆளின்ரை கெயார் பிளானிலை (பராமரிப்புத் திட்டம்) இருக்கும். பெருத்த சைஸிலை ஆள் இடுப்பாலை வழுகிவிடும், அலுமாரியிலை கிடைச்சதை எடுக்கக்கூடாது. லிஃப்ற்றின்ரை அடிக்கால் ரெண்டையும் அகட்டி வையுங்கோ, வீல்செயாரைப் பூட்டுங்கோ. கட்டிலை விட்டு ஒரு சாண்கூட வேண்டாம், ரெண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி நிப்பாட்டி, நாலு கொழுக்கியையும் கண்ணாலை பாருங்கோ. அதுக்குப் பிறகுதான் மிச்சம். கிழிஞ்ச தையல், லேபல் அழிஞ்ச ஸ்லிங் எண்டால் நேர்ஸிட்டைக் குடுத்துவிடுங்கோ.

சிற் ரு ஸ்ராண்ட் வேறை மெஷின், இருக்கிற ஆளை எழுப்பி நிப்பாட்டுறது. அதுக்கு ஆள் ஒரு காலிலையாவது பாரம் தாங்கவேணும், பிடியைப் பிடிக்கவேணும், சொல்லுறது விளங்கவேணும். நேற்று நிண்ட ஆள் இண்டைக்குக் காலமை முழங்கால் மடங்கி நிண்டால் அதைப் பாவிக்கக்கூடாது. கட்டிலிலையே விட்டுட்டு நேர்ஸைக் கூப்பிடுங்கோ. "வண் பேர்சன் அசிஸ்ற்" எண்டால் ட்ரான்ஸ்ஃபர் பெல்ற் கட்டி ஒராள் பிடிக்கிறது. கக்கத்துக்குள்ளை கை குடுத்து இழுக்கக்கூடாது, பாரிசவாதம் வந்த ஆளுக்குத் தோள் மூட்டுக் கழரும். கதிரையை நல்ல பக்கத்திலை போடுங்கோ. உடுப்புப் போடேக்கை ஏலாத கை முதல், கழட்டேக்கை நல்ல கை முதல்.

எங்கடை ஆக்களிலை ஒரு பழக்கம் இருக்கு, வெளிப்படையாய்ச் சொல்லுறன். கெதியாய் முடிக்கிறதைத்தான் கெட்டித்தனம் எண்டு நினைக்கிறது. "நான் தனிய ஹோயர் போடுவன்" எண்டு ப்ரேக் ரூமிலை பெருமையாய்ச் சொல்லுற ஆக்களை உங்கடை முதல் கிழமையிலேயே சந்திப்பீங்கள். அவையோடை ரீ குடியுங்கோ, வேலை பழகாதேங்கோ.

அடுத்தது சாப்பாடு. மின்ஸ்ட் அன்ட் மொய்ஸ்ற் எண்டால் 4 மில்லிமீற்றருக்கு மேலை துண்டு இருக்கக்கூடாது; முள்ளுக்கரண்டியின்ரை ரெண்டு பல்லுக்கு நடுவாலை போற அளவு, ஈரலிப்பாய். மைல்ட்லி திக் எண்டது குடிக்கிறதின்ரை தடிப்பு. 0 வெறும் தண்ணி, 1 ஸ்லைற்லி, 2 மைல்ட்லி, 3 மொடறற்லி, 4 எக்ஸ்ட்றீம்லி. முந்தி நெக்ரர், ஹனி, புடிங் எண்டு சொல்லுறது; பழைய நேர்ஸ்மார் இப்பவும் வாய் தவறி நெக்ரர் எண்டுவினம், அது 2. பவுடர் போட்டுக் கலக்கினால் பைக்கற்றிலை சொன்ன நேரம் பொறுங்கோ. பொறுக்காமல் இன்னொரு கரண்டி போட்டால் பேந்து அது களியாய்ப் போகும்.

கவனியாமல் விடுற இடம் ஐஸ்கிறீமும் ஜெல்லியும். கோப்பையிலை கட்டியாய்த்தான் இருக்கும், வாய்க்குள்ளை போனதும் தண்ணி. திக் ஃப்ளூயிட் ஆளுக்குக் கேளாமல் குடுக்கக்கூடாது. பிளேன்ரீயும் தடிப்பாக்கித்தான் குடுக்கவேணும். தமிழ் றெசிடென்ற் எண்டால் மகள் ஃபிளாஸ்கிலை தேத்தண்ணியும் சோறும் கொண்டு வருவா. உதிரியாய் நிக்கிற சோறு மின்ஸ்ட் இல்லை, ஒவ்வொரு பருக்கையும் தொண்டைக்குள்ளை தனித்தனியாய்ப் போகும். அம்மாவுக்கு ஆசை எண்டு மகள் அழுதாலும் நீங்கள் தீர்மானிக்கிறேல்லை, நேர்ஸைக் கூப்பிடுறது. குடுக்கேக்கை நேராய் இருத்தி, அரைக்கரண்டி, விழுங்கினதைப் பார்த்துத்தான் அடுத்தது. முடிஞ்சு அரை மணித்தியாலம் சரிக்கக்கூடாது. இருமல், கண்ணாலை தண்ணி, குரல் களகளவெண்டு ஈரமாய்க் கேக்கிறது, கொடுப்புக்குள்ளை சாப்பாடு ஒதுக்கி வைச்சிருக்கிறது: இதிலை எது கண்டாலும் நிப்பாட்டுங்கோ.

பிஎம் எண்டால் மலம். வோயிட் (void) எண்டால் சலம். டே த்ரீ நோ பிஎம் எண்டால் மூண்டு நாளாய்ப் போகேல்லை, நேர்ஸ் மருந்து தொடங்குவா. நீங்கள் ரொய்லற்றிலை பார்த்ததைப் பதிவு போடுற ரப்லெற் கொம்பியூட்டரிலை போட மறந்தால் போன ஆளுக்கும் மருந்து போகும், பின்னேரம் வயித்தாலை ஓடும். அளவு ஸ்மோல், மீடியம், லார்ஜ். தன்மை ஹார்ட், ஃபோர்ம்ட், லூஸ். "நோர்மல்" எண்டு எழுதாதேங்கோ.

ஹீல் றெட் எண்டது குதிக்கால் சிவப்பு. விரலாலை அமத்தி விடுங்கோ. வெள்ளையாகித் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுது. அமத்தியும் நிறம் மாறாமல் நிண்டால் படுக்கைப் புண்ணின்ரை முதல் படி, ஸ்ரேஜ் வண். எங்கடை தோலிலை சிவப்பு லேசிலை தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாய், இறுக்கமாய், கருநீலமாய் இருக்கோ எண்டு கண்ணாலையும் பார்த்து, புறங்கையாலை மெல்லத் தொட்டும் பாருங்கோ. இந்தியன், கரீபியன், ஆபிரிக்க றெசிடென்ற் எல்லாருக்கும் இதுதான், இதைத் தவறவிடுற ஸ்ராஃப் கனபேர். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழை தலகணி வைச்சு, குதிக்கால் ஒண்டிலும் முட்டாமல் விடுறதைத்தான் ஃப்ளோற் எண்டுறது. க்யூ ரூ எண்டு கேட்டால் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்கிறது.

பெரி கெயார், அதாவது மறைவிடம் கழுவித் துடைக்கிறது, றிப்போர்ட்டிலை வராது, நாள் முழுக்க வரும். பொம்பிளையளுக்கு முன்னிருந்து பின்னுக்கு, ஒரு தரம் துடைச்ச துணிப் பக்கத்தாலை திரும்பத் துடைக்கிறேல்லை. பின்னாலை இருந்து முன்னுக்கு வந்தால் யூரின் இன்ஃபெக்ஷன். ஆம்பிளையளுக்கு முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக் கழுவித் துடைச்சு, திரும்ப முன்னுக்குக் கொண்டு வந்து விடவேணும். வெக்கத்திலை அவசரப்பட்டு அப்படியே விட்டால் வீங்கி இறுகி ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். ஊத்தைக் கிளவுஸோடை லாச்சி, திரைச்சீலை தொடாதேங்கோ. கழட்டி, கை கழுவி, புதுசு.

டயப்பர் எண்டு சொல்லாதேங்கோ, பிறீஃப். பிப் இல்லை, க்ளோதிங் புறொட்டெக்ரர். சாப்பாடு ஊட்டவேண்டிய ஆள் எண்டதுக்காக 214ஐ ஃபீடர் எண்டு சொல்லுற ஆளைத் திருத்துங்கோ, நேர்ஸாய் இருந்தாலும். அடிச்சா, குழப்படி எண்டு எழுதாமல் என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ: "உடுப்பு மாத்தேக்கை என்ரை வலது கையைத் தட்டிவிட்டா." இதுக்கு இங்கை ரெஸ்பொன்சிவ் பிஹேவியர் எண்டு பேர். அந்த மனுசிக்கு ஏதோ நோகுது, அல்லது பயப்பிடுறா எண்டு அர்த்தம். றிஃபியூஸ்ட் (மாட்டன் எண்டுட்டா) எண்டு ஒரு தரத்திலை எழுதிவிடுறதும் பிழை. பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு, வேறை முகம் ஒண்டைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போங்கோ. குளிப்புக்கு விசேஷமாய் இப்படித்தான், ஏனெண்டால் கிழமைக்குக் குறைஞ்சது ரெண்டு தரம் எண்டது ஒன்ராறியோவிலை சட்டம்.

கோட் வைற் எண்டால் ஆள் வன்முறையாய் நிக்கிறார், கோட் யெலோ ஆள் காணேல்லை, கோட் றெட் நெருப்பு, கோட் புளூ மூச்சு அல்லது இதயம் நிண்டது. ஐடி கார்ட்டின்ரை பின்பக்கத்திலையே கனஇடங்களிலை அச்சடிச்சிருக்கும்.

இன்னொண்டு. ரெண்டு தமிழ்ப் பிள்ளையள் சேர்ந்தால் கட்டிலின்ரை ரெண்டு பக்கமும் நிண்டு தமிழிலை கதைக்கிறது. நடுவிலை கிடக்கிற மனுசி தன்னைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு நினைப்பா. தமிழ் மனுசி எண்டால் இன்னும் மோசம், எல்லாம் விளங்கும். ஹோயர் தூக்கமுன்னம் "இப்ப தூக்கப்போறம்" எண்டு அவவுக்கு விளங்கிற பாஷையிலை சொல்லுங்கோ.

றிப்போர்ட்டிலை விளங்காட்டில் "சொறி, 214 மைல்ட்லியோ, மொடறற்லியோ?" எண்டு கேளுங்கோ. ஒண்டும் விளங்கேல்லை எண்டு பொதுவாய்க் கேட்டால் சினப்பினம், ஒரு சொல்லைப் பிடிச்சுக் கேட்டால் சொல்லுவினம். கொப்பியிலை அறை நம்பர் மட்டும் எழுதுங்கோ, பேர் வேண்டாம், ஷிஃப்ற் முடிய ஷ்ரெடருக்குள்ளை போடுங்கோ. அறையை விட்டு வெளிக்கிடேக்கை கட்டில் நிலமட்டத்துக்கு, பிறேக் பூட்டு, கோல் பெல் ஏலுமான கைப்பக்கம். ஏலாத கைப்பக்கம் வைச்சால் வைச்சும் ஒண்டுதான், வையாததும் ஒண்டுதான்.