டிபன் பாக்ஸுக்குள் ஒரு முழம் மல்லி

கேள்வி: எனக்கு வயது 41. கணவர் இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. சேலம் அம்மாப்பேட்டையில் நானும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனும் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இத்தனை வருடமும் வெளுத்த சேலை, வெறும் நெற்றி என்று இருந்துவிட்டு, சென்ற சித்திரையிலிருந்து கலர் சேலை கட்டுகிறேன். சின்னதாகக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறேன். காலையில் பழைய பஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது ஒரு முழம் சன்னமல்லி வாங்கித் தலையில் வைத்துக்கொள்வேன். (வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையிலேயே பூவை எடுத்து டிபன் பாக்ஸுக்குள் போட்டுக்கொள்வேன். மகன் ஒன்றும் சொன்னதில்லை, இருந்தாலும் எதற்கு வம்பு.)

என் பிரச்சினை டவுன் பஸ்ஸில்தான். பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத பெண்கள், "எத்தனை பிள்ளைங்க, வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே என் கழுத்தைப் பார்க்கிறார்கள். ஒருநாள் தாங்க முடியாமல், "துபாயில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். போன வாரம் ஒரு வயதான அம்மா என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இந்த மாம்பழக் கலரு உனக்கு எடுப்பா இருக்குது கண்ணு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பதில் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். மகன் நல்ல பிள்ளை. பாத்திரம் துலக்குவது, வெள்ளிக்கிழமை அவன் அப்பா படத்துக்குப் பூ வாங்கி வருவது எல்லாம் அவன்தான். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியில் இப்படிக் கேட்பவர்களுக்கு நறுக்கென்று என்ன பதில் சொல்வது? அல்லது பழையபடி வெளுத்த சேலைக்கே போய்விடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு முழுப் பக்கம், இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்திலும் பஸ்ஸில் யார் எப்படிப் பார்த்தார், யார் என்ன கேட்டார் என்பதை எழுதிவிட்டு, டிபன் பாக்ஸை மட்டும் ஒன்றரை வரியில் முடித்து, அதையும் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். பஸ்ஸில் துருவிக் கேட்பவர்களைப் பற்றி எத்தனையோ ஊர்களிலிருந்து பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதற்கான பதில் என்னிடம் தயாராக இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் அந்த டப்பாவைத் திறப்போம்.

மாலையில் தெருமுனையில் நின்று, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பகலெல்லாம் தலையில் இருந்து நன்றாக விரிந்துபோன சன்னமல்லியைக் கழற்றி, மத்தியானம் சாப்பிட்டுக் கழுவிய எவர்சில்வர் டப்பாவுக்குள் சுருட்டிப் போட்டு மூடுகிறீர்கள். வீட்டுக்குள் போனதும் மகன் கண்ணில் படாமல் பூவை எடுத்து எங்கேயோ எறிந்துவிட்டு, டப்பாவைப் பாத்திரத் தொட்டியில் போடுகிறீர்கள். அந்தத் தொட்டியில் கிடப்பதைத் துலக்குவது யார்? இரண்டு பத்தி தள்ளி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மகன்தான். தயிர்சாத வாசனையை விரட்டவே இரண்டு முறை தேய்க்க வேண்டிய டப்பாவில், மூடியின் உள்பக்கத்து ரப்பர் வளையத்தைக் கழற்றி நகத்தால் அழுக்கெடுக்கும் பையனுக்கு, அந்த வளையத்தில் ஏறிய மல்லிகை வாசனை தெரியாமல் போகுமா? மடிப்பில் ஒட்டிய ஓர் இதழாவது கையில் படாமல் இருக்குமா? சித்திரையிலிருந்து இத்தனை மாதமாக உங்கள் மகன் உங்கள் ரகசியத்தைத் தினமும் சபீனா போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருக்கிறான். "மகன் ஒன்றும் சொன்னதில்லை" என்று நீங்கள் எழுதியதை அப்படியே நம்புகிறேன். ஆனால் சொல்லாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

என் அத்தை ஒருவர் 26 வயதில் கணவரை இழந்தவர். எங்கள் வீட்டிலேயே இருந்தார். தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பூக்கட்டுவதற்கு அத்தையைத்தான் கூப்பிடுவார்கள்; கட்டி முடித்த பூவை எடுத்துக் கொடுக்க மட்டும் வேறு ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஈர வாழைநாரில் இப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டு என்று மொட்டுகளை வைத்து அவர் விரல்கள் ஓடுகிற வேகத்தில் முழம் முழமாகச் சரம் இறங்கும். ஒருநாள் எல்லாரும் எழுந்துபோன பிறகு, அத்தை தன் விரல்நுனிகளை மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்த்ததை அவரிடமும் சொல்லவில்லை, என் அம்மாவிடமும் சொல்லவில்லை. அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகு, இன்றைக்குத்தான் உங்கள் கடிதத்தின் தயவில் எழுதுகிறேன். பெரியவர்கள் மறைப்பது குழந்தைகளுக்குத் தெரியும். மறைக்கிறார்கள் என்பதாலேயே அதைப் பேசக்கூடாது என்பதும் தெரியும். உங்கள் மகனின் மௌனமும் அப்படிப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் வாய் திறக்காமல் இருக்கிறான். அவனுக்குப் பயந்து நீங்கள் ஒளிக்கிறீர்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேருமாக ஒரு முழம் பூவைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறீர்கள்.

"வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று வேறு எழுதுகிறீர்கள். வெளியே போகும்போது எப்படி இருந்தாலும் வீட்டு வாசற்படி ஏறினால் உள்ளபடி இருக்கலாம் என்று நம்பி வளர்ந்தவள் நான். நீங்கள் பகல் முழுவதும் சேலம் நகரத்தின் நடுவில் நீங்களாக இருந்துவிட்டு, தெருமுனைக்கு வந்து வேஷம் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகிறீர்கள். கலர் சேலையை அவன் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. பூவுக்கு மட்டும் அவனைக் கேட்காமலேயே அவன் சார்பில் "கூடாது" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையனை, அதுவும் சொல்லாமலே பாத்திரம் துலக்குகிற பையனை, தாயின் தலையைச் சோதனை போடுகிற அதிகாரியாக உட்காரவைத்தது அவனுக்கு நீங்கள் செய்த அநியாயம் என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதோடு தாயின் கடமை தீர்ந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. நாளைக்கு அவனை நம்பி ஒரு பெண் அந்த வீட்டுக்கு வரலாம். அக்கம்பக்கத்தில், உறவில், எந்தப் பெண்ணுக்காவது உங்களுக்கு வந்த கஷ்டம் வரலாம். அப்போது என்ன பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்பதை அவன் எங்கே கற்றுக்கொள்வான்? புருஷன் போன பெண் பூ வைத்தால் அது பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியக்கூடாத காரியம் என்று ஒவ்வொரு மாலையும் நீங்கள் தெருமுனையில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். கைம்பெண் மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு இதே சேலத்தில்தான் கூடியது. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டுத் திருவிழாக் கொண்டாடுகிற ஊரும் இதுதான். இவ்வளவும் நடந்த ஊரில் உங்கள் ஒரு முழத்துக்கு இடம் கிடைத்தது டிபன் பாக்ஸில். இதற்கு ஊரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நீங்கள் தப்பிக்க முடியாது.

இனி பஸ் விஷயம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு நாலு ரோட்டுக்கும் கடைவீதிக்கும் நடந்தே போய்க்கொண்டிருந்த பூக்காரம்மாக்களும், தறி வேலைக்குப் போகிறவர்களும், பெரியாஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிற பாட்டிமார்களும் இப்போது உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்பது அவர்களுடைய வழக்கம். உங்களை மட்டும் குறிவைத்துக் கேட்கவில்லை, யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்பார்கள். சிலர் பார்வை கழுத்துக்குப் போகும் என்பது உண்மைதான். அது அநாகரிகம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு நீங்கள் சொன்ன துபாய்க் கதை இருக்கிறதே, அது அதைவிட மோசம். சேலத்தில் ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினால் அதில் இரண்டு பேராவது யாருக்காவது சொந்தமாக இருப்பார்கள். அதே அம்மாள் அடுத்த மாதம் பக்கத்தில் உட்கார்ந்து, "தீபாவளிக்கு வர்றாரா?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? இறந்துபோன மனிதருக்கு விமான டிக்கெட் போடுவீர்களா? ஆறு வருடம் அவர் நினைவோடு வாழ்ந்தவர், பஸ்ஸில் இரண்டு நிறுத்த தூரத்துக்கு அவரை உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. "அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சுங்க" என்று கேட்டவர் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்; நீங்கள் இறங்குகிற இடம் வந்துவிடும். நறுக்கென்று சொல்ல என்னிடம் வேறு வாக்கியம் இல்லை.

அந்த மாம்பழக் கலர் பாட்டி விஷயத்தில் மட்டும் உங்களை மன்னிக்க மனம் வரவில்லை. அவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, கழுத்தையும் பார்க்கவில்லை. மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் ஒரு கிழவி ஒரு நிறத்தைப் பார்த்து மாம்பழம் என்று சொல்லி, கண்ணு என்றும் கூப்பிட்டிருக்கிறார். வயதானவர் வாயிலிருந்து வலிய வந்த நல்ல வார்த்தைக்கு, "சரிங்க ஆயா" என்று ஒரு சொல் சொல்லாமல், வழியிலேயே இறங்கி ஓடியிருக்கிறீர்கள். திட்டுகிறவர்களுக்குப் பதில் தேடுவதற்கு முன்பு, பாராட்டுகிறவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கப் பழகுங்கள். அதே வழியில்தானே தினமும் போகிறீர்கள். அந்த அம்மாவை மறுபடியும் பார்த்தால் நீங்களாகப் போய்ப் பேச வேண்டும்.

வெளுத்த சேலைக்குத் திரும்பவே வேண்டாம். உங்கள் ஊரின் பேர் சொல்லும் நெசவு எது? புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை உடுத்துகிற வெள்ளை அது. தறியில் ஆண்மகனுக்கு மங்கலமாக இறங்கும் அதே நிறம், பெண்ணுக்கு என்று வரும்போது எல்லாம் முடிந்ததற்கு அடையாளம் ஆகிவிடுகிறது என்றால், அந்தக் கணக்கைப் போட்டது நூலும் சாயமும் இல்லை. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். மகனை எதிரில் உட்காரவைத்துப் பேசாதீர்கள், அழாதீர்கள், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அவன் அனுமதி கொடுக்கும் இடத்தில் இல்லை, அந்தச் சுமையை அவன் தலையில் வைக்கவும் கூடாது. அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். சோற்றை வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிடுங்கள், சமாதானம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அப்பா படத்துக்குப் பூ வாங்குகிறவனுக்கு, குண்டுமல்லிக்கும் சன்னமல்லிக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்திருக்கும். மார்கழியில் மல்லி என்ன விலை விற்கும் என்பதும் தெரிந்திருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை அவன் செருப்பை மாட்டும்போது, வழக்கமாகக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, "சன்னமல்லி ஒரு முழம் சேர்த்து வாங்கிட்டு வா" என்று சொல்லுங்கள். "எதுக்கும்மா?" என்று அவன் கேட்டால், "எனக்கு" என்று மட்டும் சொல்லுங்கள்.